புது பேட்டரி போட்டும் வண்டி மக்கர்: டூவீலருக்குள் கொதிக்கும் காயில், காலியாகும் பாக்கெட்!

சென்னை: பேட்டரி மாத்தி மூணு மாசம்கூட ஆகல, அதுக்குள்ள செல்ப் எடுக்கல. வெயில் ஏற ஏற மெக்கானிக் ஷெட்டுகளில் இந்த புலம்பல் அதிகம் கேட்கும். வண்டியைத் தள்ளிக்கொண்டு வருபவருக்கு ஷெட்டில் கிடைக்கும் முதல் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: பேட்டரி போச்சு, புதுசு போடுங்க.

புதுசு போட்டதும் வண்டி ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் சில வாரத்தில் மறுபடியும் அதே கதை. இரண்டாவது தடவை ஆர்.ஆர். யூனிட் மாற்றப்படுகிறது. மூன்றாவது தடவை காயில் பிளேட். ஒரே கோளாறுக்கு மூன்று செலவு.

உண்மையில் பல வண்டிகளில் பேட்டரி குற்றவாளியே அல்ல, அது பலிகடா. பேட்டரிக்கு கரண்ட் அனுப்பும் பாகங்கள் சூட்டில் வெந்துபோவதுதான் கோளாறின் ஆணிவேர். அந்த சூட்டைக் கண்டுபிடிக்க ஒரு மல்டிமீட்டரும் 10 நிமிடமும் போதும். அதைச் செய்யாமல் பாகத்தை மாற்றுவதால்தான் பணம் வீணாகிறது.

வண்டிக்குள் ஒரு குட்டி மின் நிலையம்

பெட்ரோல் வண்டிக்கு வெளியிலிருந்து யாரும் கரண்ட் கொடுப்பதில்லை. தனக்கு வேண்டிய கரண்டை அதுவே தயாரித்துக்கொள்கிறது. இந்த வேலையில் மூன்று பாகங்கள் முக்கியம்.

முதலாவது மேக்னட். இது என்ஜின் கிராங்க் ஷாப்டோடு சேர்ந்து சுற்றும். இரண்டாவது காயில் பிளேட். செம்புக்கம்பி சுற்றிய இந்த பிளேட் அசையாமல் நிற்கும். மேக்னட் சுற்றச் சுற்ற காயிலில் ஏ.சி. கரண்ட் உருவாகும்.

மூன்றாவது ஆர்.ஆர். யூனிட். ரெகுலேட்டர், ரெக்டிபையர் இரண்டும் ஒரே டப்பாவில் இருப்பதால் இந்தப் பெயர். ஏ.சி. கரண்டை பேட்டரிக்கு ஏற்ற டி.சி.யாக மாற்றுவது ரெக்டிபையர். வோல்டேஜ் எல்லை மீறாமல் பிடித்து வைப்பது ரெகுலேட்டர். முதுகில் அலுமினிய செதில்களோடு இருக்கும் சின்ன டப்பா அதுதான். உள்ளே உண்டாகும் சூட்டைக் காற்றில் விடுவதற்காகவே அந்த செதில்கள்.

எவ்வளவு வேகமாக என்ஜின் சுற்றுகிறதோ, அவ்வளவு வோல்டேஜ் காயிலில் ஏறும். ஆனால் பேட்டரிக்கு தேவைப்படுவது 14 வோல்ட் அளவில்தான். மிச்சம் என்ன ஆகிறது என்பதில்தான் சூட்டின் ரகசியமே இருக்கிறது.

தண்ணீர் தொட்டி கணக்கு

வீட்டு மாடியில் தண்ணீர் தொட்டி இருக்கிறது. மோட்டாரை நிறுத்த சுவிட்ச் கிடையாது, ஓடிக்கொண்டே இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். தொட்டி நிறைந்தால் என்ன ஆகும்? ஓவர்ப்ளோ குழாய் வழியாகத் தண்ணீர் கொட்டும். ஆனாலும் மோட்டார் முழு வேகத்தில்தான் ஓடும்.

விலை குறைந்த பைக், ஸ்கூட்டர்களில் பரவலாக இருக்கும் ஆர்.ஆர். யூனிட்டும் இப்படித்தான் வேலை செய்கிறது. ஷன்ட் டைப் என்பார்கள். பேட்டரி நிறைந்ததும் காயிலில் வரும் உபரி கரண்டை அது ஷார்ட் செய்து திருப்பி விடுகிறது. அந்தக் கரண்ட் காயிலுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி சூடாக மாறுகிறது. காயிலும் சுடும், ஆர்.ஆர். யூனிட்டும் சுடும்.

அதனால் ஓடி வந்த வண்டியில் ஆர்.ஆர். யூனிட் கை வைக்க முடியாத அளவுக்கு சுட்டால், உடனே அது கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. சுடுவது அதன் குணம். அந்த சூடு வெளியே போக வழியில்லாமல் போவதுதான் ஆபத்து.

லைட்டை அணைத்தால் சூடு குறையுமா?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். லைட், இண்டிகேட்டர் எல்லாம் அணைத்துவிட்டால் காயில் குளிர்ந்துவிடும் என்று நினைப்பது தப்பு. செலவு குறைந்தால் ஓவர்ப்ளோ அதிகமாகும். அதாவது ஷன்ட் டைப் வண்டியில் லைட் எரியாதபோது ஆர்.ஆர். யூனிட் திருப்பிவிட வேண்டிய கரண்ட் கூடும்.

ஹெட்லைட் கரண்ட் பேட்டரி வழியாகப் போகும் வண்டியில், 35 வாட் பல்பைக் கழற்றி குறைந்த வாட் எல்.இ.டி. போட்டாலும் இதே கதைதான். மிச்சமான கரண்ட் சூடாக மாறி ஆர்.ஆர். யூனிட் தலையில் விழும்.

அப்படியென்றால் நிறைய லைட் மாட்டினால் நல்லதா? அதுவும் இல்லை. தலா 20 வாட்டில் இரண்டு பனி விளக்கு, பெரிய ஹாரன், மொபைல் சார்ஜர் என்று ஏற்றிக்கொண்டே போனால் தொட்டியில் வரும் தண்ணீரைவிட செலவு அதிகமாகிவிடும். மெதுவாகப் போகும் டிராபிக்கில் காயில் கொடுப்பது போதாமல் பேட்டரியிலிருந்து கரண்ட் உறிஞ்சப்படும். கம்பெனி எந்த அளவுக்கு கணக்கு போட்டு வயரிங் செய்ததோ, அதை ஒட்டியே வண்டியை வைத்திருப்பதுதான் பாதுகாப்பு.

2017, 2020: மாறிப்போன கணக்கு

பத்து வருடத்துக்கு முந்தைய வண்டிகளில் பகலில் ஹெட்லைட் எரியாது. 2017 ஏப்ரல் 1 முதல் புதிதாக வரும் டூவீலர்களில் என்ஜின் ஓடினாலே ஹெட்லைட் எரிய வேண்டும் என்ற விதி அமலுக்கு வந்தது. எதிரே வருபவர் கண்ணில் வண்டி படவேண்டும், விபத்து குறைய வேண்டும் என்பதுதான் நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் லைட் சுவிட்ச், வயர், கப்ளர் எல்லாம் பகல் முழுக்க கரண்டைச் சுமக்க ஆரம்பித்தன.

அடுத்து 2020 ஏப்ரல் 1-ல் பி.எஸ்.6 விதி வந்தது. பெரும்பாலான வண்டிகளில் கார்ப்பரேட்டர் போய், பியூயல் இன்ஜெக்சன் வந்தது. பெட்ரோல் பம்ப், சென்சார், கம்ப்யூட்டர் எல்லாமே கரண்டில் ஓடுபவை.

பழைய வண்டியில் பேட்டரி செத்தாலும் கிக்கரை நாலு உதை உதைத்து வீடு வந்து சேரலாம். இன்றைக்குப் பல வண்டிகளில் கிக்கரே கிடையாது. சார்ஜிங் நின்றால் லைட் மட்டும் போகாது, கொஞ்ச நேரத்தில் வண்டியே நின்றுவிடும். ஆக, முன்பு சின்ன தொல்லையாக இருந்த கோளாறு இப்போது வேலையையே நிறுத்தும் கோளாறாகிவிட்டது.

சென்னைக்கு மட்டும் ஏன் கூடுதல் தலைவலி?

முதல் காரணம் வெயில். 2003 மே 31-ந் தேதி நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது. கோடை என்றாலே 40 டிகிரி சாதாரணம் என்கிற ஊர் இது. தார் ரோட்டுக்கு மேலே, என்ஜினுக்குப் பக்கத்தில் காற்று அதைவிட சூடு. செதில் வழியாக சூடு வெளியேற வேண்டுமானால் வெளிக்காற்று குளிர்ச்சியாக இருக்க வேண்டும். அது இங்கே கிடைப்பதில்லை.

இரண்டாவது டிராபிக். முதல் கியர், இரண்டாவது கியரில் ஊர்ந்து போகும்போது என்ஜின் வேகமாகச் சுற்றும், ஆனால் வண்டி வேகமாகப் போகாது. கரண்ட் உற்பத்தி அதிகம், வீசும் காற்று குறைவு. காயிலுக்கும் ஆர்.ஆர். யூனிட்டுக்கும் இதைவிட மோசமான நேரம் வேறில்லை.

மூன்றாவது மழை வெள்ளம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜம் புயலிலும் ஏராளமான டூவீலர்கள் தண்ணீரில் மூழ்கின. என்ஜின் ஆயில் மாற்றி, பிளக் துடைத்து, வண்டி ஸ்டார்ட் ஆனதும் பலரும் விட்டுவிட்டார்கள். கப்ளருக்குள் புகுந்த சேற்றுத் தண்ணீர் அங்கேயே காய்ந்து, பச்சைக் களிம்பாகப் பிடித்துக்கொள்கிறது. கடலோர உப்புக் காற்று மிச்ச வேலையைப் பார்த்துவிடும்.

உண்மையான வில்லன் அந்த சின்ன கப்ளர்

காயிலையும் ஆர்.ஆர். யூனிட்டையும் இணைக்கும் பிளாஸ்டிக் சாக்கெட்டைத்தான் கப்ளர் என்கிறார்கள். பின்களில் துரு, களிம்பு ஏறினால் கரண்ட் போக தடை உண்டாகும். தடை இருக்கும் இடத்தில் சூடு உண்டாகும்.

கணக்கு எளிது. 10 ஆம்பியர் கரண்ட் ஓடும் பின்னில் வெறும் 0.1 ஓம் தடை இருந்தாலே 10 வாட் சூடு அந்த ஒரு பின்னில் இறங்கும். விரல் நுனி அளவுகூட இல்லாத இடத்தில் 10 வாட் என்றால் பிளாஸ்டிக் தாங்குமா? முதலில் வெள்ளை கப்ளர் பழுப்பாகும். பிறகு உருகும். கடைசியில் பின் கருகி இணைப்பே அறுந்துபோகும்.

மூன்று ஒயர் காயிலில் ஒரு ஒயர் இப்படிப் போய்விட்டால் மீதி இரண்டு ஒயரின் மேல் சுமை ஏறும். காயிலின் அந்தப் பகுதி கூடுதலாகக் காயும். செம்புக்கம்பியின் மேலே பூசிய இன்சுலேசன் கருகி, கம்பியோடு கம்பி ஒட்டிக்கொள்ளும். இன்சுலேசனின் சூடு 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது மின்துறையில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. சின்ன கப்ளரில் தொடங்கிய கோளாறு பெரிய செலவில் முடிவது இப்படித்தான்.

டெலிவரி தொழிலாளிக்கு ஒரு நாள் கூலி

வீட்டுக்கும் ஆபீசுக்கும் மட்டும் போகும் வண்டிக்கு இந்த சூடு மெதுவாக வேலை காட்டும். காலை முதல் நள்ளிரவு வரை ஓடும் உணவு டெலிவரி, பார்சல், பைக் டாக்சி வண்டிகளுக்கு அப்படியல்ல. ஆர்டர் ஆப் ஓடுவதால் மொபைல் எப்போதும் வண்டி சார்ஜரில் இருக்கும். கடை வாசலில் நிறுத்தி, உடனே கிளப்பி, மறுபடி நிறுத்தி என்று நாள் முழுக்க செல்ப் ஸ்டார்ட்டர் வேலை செய்யும்.

பாதி வழியில் வண்டி நின்றால் ஆர்டர் போகும். வண்டி ஷெட்டில் கிடந்தால் அன்றைய வருமானம் பூஜ்யம். பெட்ரோல், சர்வீஸ், ஸ்பேர் செலவு எல்லாமே வண்டி ஓட்டுபவர் தலையில்தான்.

இவர்களுக்காக தமிழகத்தில் 2023-ல் தனி நல வாரியம் அமைக்கப்பட்டது. 2025-26 பட்ஜெட்டில் 2 ஆயிரம் பேருக்கு மின்சார ஸ்கூட்டர் வாங்க தலா 20 ஆயிரம் ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. மின்சார ஸ்கூட்டரில் மேக்னட் காயில், ஆர்.ஆர். யூனிட் தொல்லை இல்லை என்பது உண்மை. ஆனால் மாநிலம் முழுவதும் பெட்ரோல் வண்டியில் பிழைப்பு நடத்துபவர்களுக்கு 2 ஆயிரம் என்ற எண்ணிக்கை எந்த மூலைக்கு? அவர்கள் இருக்கிற வண்டியைக் காப்பாற்றித்தான் ஆகவேண்டும்.

மாத்துவதற்கு முன் அளந்து பாருங்க!

ஷெட்டுக்குப் போனதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: மீட்டர் வெச்சு பாத்தீங்களா? சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் பாதி உண்மையைச் சொல்லிவிடும். பார்க்க வேண்டியது இதுதான்:

* என்ஜின் அணைத்து சில மணி நேரம் கழித்து பேட்டரியில் 12.6 வோல்ட் அளவில் இருந்தால் பேட்டரி நன்றாக சார்ஜ் ஆகியிருக்கிறது.

* என்ஜினை ஓடவிட்டு ஆக்சிலேட்டரை நடுத்தரமாக முறுக்கும்போது 13.5 முதல் 14.5 வோல்ட் வரை காட்டினால் சார்ஜிங் சரி. வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும்.

* ஆக்சிலேட்டர் கொடுத்தும் 13 வோல்ட்டைத் தாண்டவில்லை என்றால் கரண்ட் வந்து சேரவில்லை. கப்ளர், காயில், ஆர்.ஆர். யூனிட் என்ற வரிசையில் பார்க்க வேண்டும்.

* 15 வோல்ட்டைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் ரெகுலேட்டர் பிடிக்கவில்லை. பேட்டரி உப்பும், ஆசிட் வாடை வரும், பல்பு அடிக்கடி பியூஸ் ஆகும். இந்த வண்டிக்கு எத்தனை புது பேட்டரி போட்டாலும் நிற்காது.

மூன்று ஒயர் காயில் என்றால் கப்ளரைக் கழற்றி, ஒயர்களுக்கு இடையே ஏ.சி. வோல்டேஜை மெக்கானிக் அளக்க வேண்டும். மூன்று ஜோடியிலும் ஏறக்குறைய ஒரே அளவு வந்தால் காயில் பெரும்பாலும் நல்லது. ஒரு ஜோடி மட்டும் குறைந்தால் அங்கே கோளாறு.

என்ஜின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி டெஸ்ட் பண்ணும் பழைய வித்தை வேண்டவே வேண்டாம். வோல்டேஜ் திடீரென எகிறி ஆர்.ஆர். யூனிட்டையும், பி.எஸ்.6 வண்டியின் கம்ப்யூட்டரையும் சேர்த்தே காலி செய்துவிடலாம்.

டூப்ளிகேட் டப்பா, பியூசுக்கு கம்பி

பாகம் மாற்றியே ஆகவேண்டும் என்றால் அடுத்த பொறி டூப்ளிகேட். பார்ப்பதற்கு ஒரிஜினல் ஆர்.ஆர். யூனிட் போலவே இருக்கும், விலை பாதி. உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் பாகம் அலுமினிய முதுகோடு சரியாக ஒட்டியிருக்காவிட்டால் சூடு செதிலுக்கே வந்து சேராது. செதில் சில்லென்று இருக்கும், உள்ளே வெந்துபோகும்.

காயில் ரீவைண்டிங்கும் இப்படித்தான். புதுப்பேட்டை தொடங்கி ஊருக்கு ஊர் காயில் கட்டும் கைதேர்ந்த ஆட்கள் உண்டு. சூடு தாங்கும் சரியான கம்பியும் வார்னிஷும் போட்டு, அதே எண்ணிக்கை சுற்று சுற்றினால் நன்றாக உழைக்கும். மட்டமான கம்பி என்றால் அடுத்த கோடையைப் பார்க்காது.

எல்லாவற்றையும்விட ஆபத்து, பியூஸ் அடிக்கடி போகிறது என்று அதற்குப் பதில் செம்புக்கம்பியைச் சுற்றி விடுவது. பியூஸ் உருகினால்தான் வயரிங் பிழைக்கும். கம்பி போட்டால் வயரிங் கிட் உருகும். பெட்ரோல் டேங்க்குக்கு கீழே ஒயர் உருகினால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

கம்பெனி மேல் தப்பு என்றால்?

சூடு விவகாரம் நம்ம ஊர் மெக்கானிக் ஷெட்டோடு முடிவதில்லை. 2011-ல் அமெரிக்காவில் சுசுகி நிறுவனம் 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மோட்டார் சைக்கிள்களைத் திரும்ப அழைத்தது. ரெக்டிபையருக்குள் மின்னணு பலகை அதன் கூட்டோடு சரியாக ஒட்டாததால் சூடு வெளியேறாமல், பேட்டரி சார்ஜ் ஆகாமல் போகும் என்பதே காரணம். பாகம் இலவசமாக மாற்றித் தரப்பட்டது.

இந்தியாவிலும் சட்டம் இருக்கிறது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகன சட்டத்தின் 110ஏ பிரிவின்படி, பாதுகாப்புக்கு ஆபத்தான தயாரிப்புக் குறை உள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்க மத்திய அரசு உத்தரவிடலாம். அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்தன. 7 ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு இது பொருந்தும். ஆனால் நடவடிக்கைக்கு புகார் எண்ணிக்கை முக்கியம். ஷெட்டில் புலம்பிவிட்டு பணம் கட்டிப்போனால் கணக்கில் ஒரு புகார்கூட ஏறாது.

வாரண்டி இருக்கும்போதே காயில், ஆர்.ஆர். யூனிட் போனால் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் எழுத்துப்பூர்வமாக ஜாப் கார்டில் பதியச் சொல்ல வேண்டும். வெளியில் ஒயரை வெட்டி லைட் மாட்டியிருந்தால் அதையே காரணம் காட்டி கைவிரிக்க வாய்ப்பு அதிகம். நியாயம் கிடைக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். பொருளின் மதிப்பு 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது.

இன்னொரு விஷயம் பில். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரி பாகங்களுக்கு ஜி.எஸ்.டி. ஒரே சீராக 18 சதவீதம். அதற்கு முன் பல பாகங்களுக்கு 28 சதவீதம் இருந்தது. பில் இல்லாமல் வாங்கினால் வரி குறைந்த லாபமும் தெரியாது, டூப்ளிகேட் என்று பிறகு தெரிந்தால் கேட்கவும் முடியாது.

செலவில்லாமல் என்ன செய்யலாம்?

ஆர்.ஆர். யூனிட்டின் செதிலில் சேறு அப்பியிருந்தால் வண்டி ஆறிய பிறகு துடைத்துவிட வேண்டும். காற்று படும் இடத்தில் இருக்கும் அதை மறைத்து பை, பேனர், கவர் எதையும் கட்டக்கூடாது. ஒவ்வொரு சர்வீசிலும் காயில் கப்ளரைக் கழற்றிப் பார்த்து, பின்னைச் சுத்தம் செய்யச் சொல்ல வேண்டும். பேட்டரி முனை, எர்த் ஒயர் போல்ட் இறுக்கமாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மழையில் மூழ்கிய வண்டி என்றால் இது கட்டாயம்.

கப்ளர் பழுப்பாகத் தெரிந்தால் அதுதான் முதல் எச்சரிக்கை மணி. அந்த நிலையில் கப்ளரை மட்டும் மாற்றினால் செலவு சின்னது. விட்டுவிட்டால் காயில், ஆர்.ஆர். யூனிட், பேட்டரி என்று வரிசையாக பில் நீளும்.

அடுத்த தடவை செல்ப் எடுக்காமல் வண்டி நின்றால், பேட்டரி கடைக்கு ஓடுவதற்கு முன் சீட்டைக் கழற்றி அந்த கப்ளரின் கலரைப் பாருங்க.